மின்சாரத்துக்குப் பயமா? – மென்பொருள் இன்டர்வியூவின் கதை

1

1945ஆம் வருடம். ஜீன் ஜென்னிங்ஸுக்கு இருபது வயது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணிதத்தில் பட்டம் முடித்துவிட்டு ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து, ராணுவத்துக்காகப் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையைச் செய்பவருக்கு அப்போது 'கம்ப்யூட்டர்' என்று பெயர். மனிதர்களுக்கு இருந்த பெயர்தான் பிறகு இயந்திரத்துக்குப் போனது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் ஏதோ ரகசிய இயந்திரம் தயாராகிறது, அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஜீனும் விண்ணப்பித்தார்.

நேர்காணல் செய்தவர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன். கணித முனைவர், ராணுவ அதிகாரி. மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். ஜீன், கல்லூரியில் இயற்பியல் படித்திருப்பதாகச் சொல்லி ஓம் விதியைச் சொன்னார். அதெல்லாம் வேண்டாம், மின்சாரத்தைக் கண்டால் பயமா என்பதுதான் கேள்வி என்றார் கோல்ட்ஸ்டைன். பயமில்லை என்றார் ஜீன். வேலை கிடைத்தது.

பிற்காலத்தில் ஜீன் பார்ட்டிக் என்று அறியப்பட்ட அவரே நினைவுகூர்ந்த சம்பவம் இது. உலகத்தின் முதல் புரோகிராமர்களில் ஒருவருக்கு நடந்த டெக்னிக்கல் ரவுண்டு இவ்வளவுதான். அந்த இயந்திரம் எனியாக். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. அதை புரோகிராம் செய்வது என்றால் கேபிள்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகுவது, சுவிட்சுகளைத் திருப்புவது. மின்சாரத்துக்குப் பயப்படுகிற ஆள் அங்கே வேலை செய்ய முடியாது. அந்த வகையில் அது நியாயமான கேள்வி.

தேர்வான ஆறு பெண்களுக்கும் கையேடு என்று எதுவும் கொடுக்கப்படவில்லை. புரோகிராமிங் மொழி என்று ஒன்று கிடையாது. சர்க்யூட் வரைபடங்களைக் கொடுத்தார்கள். பொறியாளர்களைக் கேட்டுக் கேட்டு அவர்களே கற்றுக்கொண்டார்கள். 1946 பிப்ரவரியில் எனியாக் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டபோது ஓடியது அவர்கள் எழுதிய புரோகிராம். அன்றைய விருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை என்பது தனிக்கதை.

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். இன்டர்வியூ மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்த தம்பிகளும் தங்கைகளும் "அண்ணா, எப்படி ப்ரிப்பேர் பண்றது?" என்று கேட்பதுண்டு. எந்தக் கணக்குகளைப் போட வேண்டும், எத்தனை போட வேண்டும் என்ற பட்டியல் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. என் பதில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும். அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், எதற்குத் தயாராகிறோம் என்பதும் எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதும் தெளிவாகும் என்பது என் எண்ணம்.

2

1950களில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர்கள் விற்க ஆரம்பித்தன. அவற்றுக்கு புரோகிராம் எழுத ஆள் இல்லை. கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற துறையே கிடையாது. யார் நன்றாக புரோகிராம் எழுதுவார்கள், அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஐபிஎம் ஒருமுறை சதுரங்கம் ஆடுவதிலும் இசையமைப்பதிலும் விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று விளம்பரம் கொடுத்தது. அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவர் அமெரிக்க சதுரங்க சாம்பியன் ஆர்தர் பிஸ்கையர்.

இப்படித் தேடிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது அல்லவா? 1955இல் ஐபிஎம்முக்காக வால்டர் மெக்நமாரா, ஜான் ஹியூஸ் என்ற இருவர் ஒரு தேர்வை உருவாக்கினார்கள். புரோகிராமர் ஆப்டிட்யூட் டெஸ்ட். சுருக்கமாக 'பாட்'. ஒரு மணி நேரம். எண் வரிசையில் அடுத்த எண் என்ன, இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள உறவு எந்தப் படத்தில் இருக்கிறது, கூட்டல் கழித்தல் வைத்த வாய்க்கணக்கு. 3, 6, 11, 18, 27, அடுத்தது என்ன? இந்த வகைக் கேள்விகள்.

வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர் இந்தக் காலகட்டத்தை விரிவாக எழுதியிருக்கிறார். 1962 வாக்கில் புரோகிராமர்களை எடுத்த அமெரிக்க நிறுவனங்களில் சுமார் 80 சதவீதம் ஏதாவது ஓர் ஆப்டிட்யூட் தேர்வை நடத்தின. அவற்றில் பாதி 'பாட்' தேர்வு. 1967ஆம் வருடம் மட்டும் அதை எழுதியவர்கள் 7 லட்சத்துக்கும் மேல்.

இதில் ஒரு விஷயம். இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் பிறகு நல்ல புரோகிராமர்களாக இருந்தார்களா என்று பார்த்தபோது, மேலதிகாரிகளின் மதிப்பீட்டுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. தெரிந்தும் ஏன் நடத்தினார்கள்? வாசலில் ஐந்நூறு பேர் நிற்கும்போது நானூற்றைம்பது பேரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப ஏதாவது ஒரு வழி வேண்டும். 'பாட்' மலிவு, வேகம், பார்ப்பதற்கு அறிவியல் மாதிரியும் இருந்தது.

1966இல் வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் 1,378 புரோகிராமர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதில் 1,192 பேர் ஆண்கள், 186 பேர் பெண்கள். புரோகிராமர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களோடு நெருங்கிப் பழகும் வேலைகள் பிடிக்காது என்று முடிவு சொன்னார்கள். நிறுவனங்கள் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டன. யாரோடும் பேசாத, புதிர் போடுகிற ஆண் என்ற சித்திரம் உட்கார்ந்துவிட்டது. அடுத்து வந்த ஆட்களையும் அதே அச்சில் தேடினார்கள். தேடியது கிடைத்தது, கிடைத்ததைப் பார்த்து அச்சு சரிதான் என்று நம்பினார்கள். அடுத்த வருடமே, 1967 ஏப்ரலில், காஸ்மோபாலிட்டன் பத்திரிகை புரோகிராமிங் பெண்களுக்கு ஏற்ற வேலை என்று கட்டுரை வெளியிட்டது. ஆனால் கதவு இன்னொரு பக்கமாகச் சாத்தத் தொடங்கியிருந்தது.

3

எந்தத் தேர்வு வந்தாலும் பின்னாலேயே அதற்கான கேள்வித்தாளும் வெளியே வந்துவிடும். இது கம்ப்யூட்டரைவிடப் பழைய வழக்கம். தாமஸ் எடிசன் தன்னிடம் வேலைக்கு வருபவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் வைத்திருந்தார். ஃபிரான்ஸின் எல்லையில் எந்தெந்த நாடுகள், வோல்கா நதி எங்கே என்றெல்லாம். 1921இல் அது பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. அந்தச் சமயம் அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒலியின் வேகத்தைக் கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். எடிசன் புதிய கேள்விகளை எழுத வேண்டியதாயிற்று.

'பாட்' தேர்வுக்கும் அதே கதி. அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் அதன் பிரதிகள் சுற்றின. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைதான் ஞாபகம் வந்தது. ஃபைனல் இயர் தொடங்கினால் அந்தக் கடையில் பிளேஸ்மெண்ட் பேப்பர் கட்டுக்கட்டாக இருக்கும். போன வருடம் கேட்டது, அதற்கு முந்திய வருடம் கேட்டது. "மச்சான், இது அப்படியே ரிப்பீட் ஆகும்டா" என்று சொல்லி ஒரு சீனியர் கொடுத்திருப்பார். ஹாஸ்டல் அறைகளில் ஆர்.எஸ். அகர்வாலின் குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், சகுந்தலா தேவியின் புதிர் புத்தகம், யஷ்வந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி', 'டெஸ்ட் யுவர் சி ஸ்கில்ஸ்'. அட்டை கிழிந்து, அடுத்த பேட்ச்சுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். மெக்நமாராவும் ஹியூஸும் போட்ட எண் வரிசை, கடல் தாண்டி, அரை நூற்றாண்டு தாண்டி, செங்கல்பட்டிலும் விருதுநகரிலும் பொறியியல் கல்லூரி ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் எல்லோர் கையிலும் அந்த ஜெராக்ஸ் இல்லை. சீனியர் யாரும் இல்லாத புதுக்கல்லூரிப் பையனுக்கு, விடுதியில் தங்காமல் பஸ்ஸில் வந்துபோகிற பெண்ணுக்கு, வீட்டில் முதல் பட்டதாரிக்கு அது கிடைப்பது தற்செயல். இரண்டு பேருக்கும் மூளை ஒன்றுதான். ஒருவர் அந்தக் கேள்வியை ஏற்கெனவே மூன்று முறை பார்த்தவர். இன்னொருவர் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறார். முடிவு வந்ததும் ஒருவர் புத்திசாலி, இன்னொருவர் சுமார். அந்த 'சுமார்' என்ற சொல்லைப் பல வருடம் தலையில் சுமந்தவர்களை எனக்குத் தெரியும்.

4

எண் வரிசைக்கு அடுத்து வந்தது வாய்மொழிப் புதிர். மைக்ரோசாஃப்ட் இதற்குப் பேர்போனது. பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது? ஃபியூஜி மலையை எப்படி நகர்த்துவாய்? இந்த இரண்டாவது கேள்வியையே தலைப்பாக வைத்து வில்லியம் பவுண்ட்ஸ்டோன் 2003இல் ஒரு புத்தகம் எழுதினார். சதுர மூடி மூலைவாட்டில் திரும்பினால் குழிக்குள் விழுந்துவிடும், வட்டம் எப்படித் திருப்பினாலும் விழாது என்பது வழக்கமான பதில். ஒருமுறை தெரிந்துவிட்டால் அதன் பிறகு அது புதிரே இல்லை. பொது அறிவு.

கூகுள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. 2004இல் சிலிக்கான் வேலியின் நெடுஞ்சாலையோரம் ஒரு விளம்பரப் பலகை. நிறுவனத்தின் பெயர் கிடையாது. ஆய்லரின் எண்ணான e-யின் தசம இலக்கங்களில் அடுத்தடுத்து வரும் பத்து இலக்கப் பகா எண்களில் முதலாவது எதுவோ, அதன் பின்னால் டாட் காம். அவ்வளவுதான். விடை 7427466391. அந்தத் தளத்துக்குப் போனால் இன்னொரு புதிர். அதையும் முடித்தால்தான் வேலைக்கு அழைப்பு என்று தெரியும்.

அழகான யோசனைதான். நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் 2013இல் கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்: தங்கள் தரவுகளைப் பார்த்ததில் புதிர்க் கேள்விகளால் பயனே இல்லை, அவை எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை, கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற உணர்வைத் தந்ததுதான் மிச்சம். அதே பேட்டியில், கல்லூரி மதிப்பெண்ணையும் அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றார்.

அதற்குள் எத்தனை பேர் சாக்கடை மூடியில் தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

புதிருக்கு எதிராக வந்ததுதான் 'எழுதிக் காட்டு' என்ற முறை. இதன் பின்னால் நியாயமான காரணம் இருந்தது. மைக்ரோசாஃப்டில் எக்ஸெல் குழுவில் வேலை பார்த்த ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000த்தில் இன்டர்வியூ பற்றி எழுதிய கட்டுரை பிரபலம். புத்திசாலியாக இருக்க வேண்டும், எடுத்த காரியத்தை முடிப்பவராக இருக்க வேண்டும், இரண்டும் வேண்டும் என்றார். உட்காரவைத்துக் கோடு எழுதச் சொல்லுங்கள் என்றார். 2007இல் ஜெஃப் ஆட்வுட் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்று முதல் நூறு வரை எண்களை அச்சிடு, 3ஆல் வகுபட்டால் 'ஃபிஸ்', 5ஆல் வகுபட்டால் 'பஸ்', இரண்டாலும் வகுபட்டால் 'ஃபிஸ்பஸ்' என்று அச்சிடு. புரோகிராமர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களில் நிறைய பேரால் இதை எழுத முடியவில்லை என்பது அவர் அங்கலாய்ப்பு.

மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகு எனக்கும் அது புரிந்தது. பயோடேட்டாவில் பதினெட்டு டெக்னாலஜி பெயர் இருக்கும். ஒரு ஃபார் லூப் எழுதச் சொன்னால் சார் இப்ப டச்சு விட்டுப்போச்சு என்பார்கள். அப்படிப்பட்டவரை உள்ளே விட்டால் அவர் வேலையையும் சேர்த்துக் குழுவில் இருக்கிற இன்னொருவர்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே எழுதிக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

ஆனால் ஃபிஸ்பஸ்ஸில் தொடங்கியது அங்கே நிற்கவில்லை. 2000த்திலேயே ஜான் மோங்கனும் நோவா சுவோயானனும் 'புரோகிராமிங் இன்டர்வியூஸ் எக்ஸ்போஸ்டு' புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். 2008இல் கேல் லாக்மன் மெக்டவலின் 'கிராக்கிங் தி கோடிங் இன்டர்வியூ' வந்தது. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய இன்டர்வியூஸ்ட்ரீட், பிறகு ஹேக்கர்ரேங்க் ஆகி, உலகம் முழுக்க முதல் ரவுண்டு நடக்கிற மேடைகளில் ஒன்றாயிற்று. லீட்கோட் வந்தது. பழைய ஜெராக்ஸ் கடை இப்போது உலகளாவிய கடை. தயாராகிறவர்கள் கூடினார்கள். கேள்விகள் கடினமாயின. இன்னும் தயாரானார்கள். இன்னும் கடினமாயின.

2015இல் மேக்ஸ் ஹவல் போட்ட ட்வீட் பலருக்கு ஞாபகம் இருக்கும். மேக் கம்ப்யூட்டர்களில் மென்பொருட்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை எழுதியவர். கூகுளில் பெரும்பாலானோர் நீ எழுதிய மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பலகையில் பைனரி ட்ரீயைத் தலைகீழாக்க உனக்குத் தெரியவில்லை, போய்விட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள் என்ற பொருளில் எழுதினார். பெரிய சண்டை நடந்தது. ஒரு தரப்பு, இதுகூடத் தெரியாதா என்றது. இன்னொரு தரப்பு, இது எதற்குத் தெரிய வேண்டும் என்றது. இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் உண்மையில் எது அளக்கப்படுகிறது?

6

இதற்கு பைனரி சர்ச்சின் கதையைச் சொல்ல வேண்டும். இன்டர்வியூக்களில் 'வார்ம்-அப்' என்று கேட்கப்படும் எளிய கேள்வி அது. தமிழ் அகராதியில் 'மயில்' தேடுகிறீர்கள். நடுவில் திறக்கிறீர்கள். 'த' வரிசை. அப்படியானால் முன்பாதி வேண்டாம். பின்பாதியின் நடுவைத் திறக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துவிடலாம். ஒரு லட்சம் சொற்கள் இருந்தாலும் பதினேழு முறைக்குள் முடிந்துவிடும். யோசனை இரண்டு வரி. குழந்தைக்கும் புரியும்.

இதை முதலில் வெளியிட்டது 1946இல், எனியாக்கை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜான் மாக்லி. எல்லா அளவுப் பட்டியலுக்கும் பிழையில்லாமல் இயங்கும் வடிவம் அச்சில் வந்தது 1962இல் என்கிறார் டொனால்ட் நூத். பதினாறு வருடம்.

பெல் ஆய்வகத்தின் ஜான் பென்ட்லி, அங்கும் ஐபிஎம்மிலும் அனுபவம் உள்ள புரோகிராமர்களுக்கு வகுப்பெடுத்தபோது இதை எழுதச் சொன்னார். ஓரிரு மணி நேரம் கொடுத்தார். நூறு பேருக்கு மேல் எழுதியதில் சுமார் 10 சதவீதம் பேருடையதுதான் சரியாக இருந்தது. பென்ட்லி தன் 'புரோகிராமிங் பெர்ல்ஸ்' நூலில் சரியான வடிவத்தைக் கொடுத்து, அது சரி என்று தர்க்கரீதியாக நிறுவியும் காட்டினார்.

கதை இங்கேயும் முடியவில்லை. 2006இல் ஜோஷ்வா பிளாக் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜாவா மொழியின் நூலகத்தில் பைனரி சர்ச் எழுதியவர் அவர். மாணவராக இருந்தபோது பென்ட்லியின் உரையைக் கேட்டவர். அவர் எழுதியதில் ஒரு பிழை ஒன்பது வருடமாக ஒளிந்திருந்தது. பென்ட்லியின் நூலில் இருந்ததிலும் அதே பிழை. நடுப்பக்கத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுப்போம் இல்லையா? பட்டியல் சுமார் 107 கோடியைத் தாண்டினால் அந்தக் கூட்டுத்தொகை, எண்ணை வைக்கும் 32 பிட் இடத்துக்குள் அடங்காமல் எதிர்மறை எண்ணாகிவிடும். 1980களில் அவ்வளவு பெரிய பட்டியல் யாரிடமும் இல்லை. பிறகு வந்தது. பிழையும் வெளியே வந்தது.

மேதைகளுக்குப் பதினாறு வருடம், வல்லுநர்களுக்கு இரண்டு மணி நேரம், அதிலும் பிழை. இதை ஒருவரை எழுப்பி நிறுத்தி, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, பதினைந்து நிமிடத்தில் எழுதச் சொல்கிறோம்.

இன்னொரு பிரபலமான கேள்வி, இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை உண்மையிலேயே இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தார், 1956இல். ஆனால் சூழ்நிலையைக் கவனிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிவிட்டு, அலுத்துப்போய், ஒரு கஃபேயின் வெளித்திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கையில் பேனாகூட இல்லை. மார்க் போட யாரும் எதிரில் இல்லை. அதை அவர் வெளியிட்டது மூன்று வருடம் கழித்து.

7

யாரும் பார்க்காமல் இருப்பது இவ்வளவு முக்கியமா? நார்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். 48 கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேள்வி. பாதிப் பேர், வழக்கமான இன்டர்வியூ போல, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பலகையில் எழுதிக்கொண்டே விளக்க வேண்டும். மீதிப் பேருக்குத் தனியறை, அதே பலகை, பார்க்க ஆள் இல்லை.

பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. கண்காணிக்கப்பட்ட அறையில் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியதுதான், இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிட முடியாது. ஆனாலும் ஆய்வாளர்களின் கேள்வி நியாயமானது: கோடிங் திறமையைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மேடைக்கூச்சத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறோமா?

நம் ஊரில் அதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. ஒருமுறை நான் பேனலில் இருந்தபோது ஒரு பையன் வந்தான். தென்மாவட்டத்துக் கல்லூரி. கேள்வியைக் கேட்டதும் "யெஸ் சார்" என்றான். அதன் பிறகு பேச்சே இல்லை. ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, தமிழ்லயே சொல்லுங்க, பரவாயில்ல" என்றேன். அவ்வளவுதான். "சார், இதுல மொதல்ல ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரணும் சார், நடுவுல சந்திச்சா நிறுத்திடலாம்" என்று ஆரம்பித்தவன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டான். விடை முதலிலிருந்தே அவனிடம் இருந்தது. அதை ஆங்கிலத்தில் மாற்றும் வேலையில்தான் அவன் மாட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சலுகையை எல்லாப் பேனலும் தராது. தர வேண்டும் என்ற விதியும் இல்லை.

8

இப்போது "அண்ணா, எப்படி ப்ரிப்பேர் பண்றது?" என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதலில், எந்த ரவுண்டு எந்த வம்சம் என்று பாருங்கள். ஆன்லைனில் எண் வரிசையும் நேரமும் தூரமும் வந்தால் அது 1955இன் 'பாட்'. அதற்குத் தேவை வேகம். கடிகாரம் வைத்துப் பழைய தாள்களைப் போட்டுப் பார்த்தாலே போதும். அதில் தோற்றால் உங்களுக்குக் கோடிங் வராது என்று அர்த்தம் இல்லை. அந்தத் தேர்வை நடத்தியவர்களாலேயே அப்படி நிறுவ முடியவில்லை. அடுத்து என்ன ரவுண்டு, எவ்வளவு நேரம், எந்த மொழியில் எழுதலாம் என்று அழைப்பவரிடமே கேளுங்கள். கேட்பது தப்பில்லை. பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஜெராக்ஸ் கடை சீனியர் இல்லாதவர்களுக்கு இந்த ஒரு கேள்விதான் சீனியர்.

இரண்டாவது, ஐந்நூறு கணக்கு போட்டேன் என்ற எண்ணிக்கையில் மயங்காதீர்கள். பைனரி சர்ச்சின் கதையில் யாரும் யோசனையில் தவறவில்லை. எல்லோரும் தவறியது ஓரங்களில். பட்டியல் காலியாக இருந்தால்? ஒன்றே ஒன்று இருந்தால்? தேடுவது கடைசியில் இருந்தால்? இல்லவே இல்லை என்றால்? எண் ரொம்பப் பெரிதாகிவிட்டால்? நூறு கணக்குகளை இந்த ஐந்து கேள்விகளோடு போட்டவர், ஐந்நூறை விடை பார்த்துப் போட்டவரைவிட நன்றாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்ததும் "இதை ஒருதடவை காலிப் பட்டியலை வெச்சு ஓட்டிப் பாக்கறேன்" என்று நீங்களாகவே சொன்னால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். வேலையில் தினமும் தேவைப்படுகிற பழக்கம் அது.

மூன்றாவது, இதைத்தான் யாரும் செய்வதில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பயிற்சி எடுக்கிறோம். தேர்வு நடப்பதோ இன்னொருவர் முன்னால். நீச்சலுக்குக் கரையில் நின்று பழகுவது மாதிரி. வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒருவரை எதிரில் உட்காரவையுங்கள். அவருக்குக் கோடிங் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. தங்கையோ, அறைத்தோழனோ, யாராக இருந்தாலும் சரி. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். முதலில் தமிழில் சொல்லுங்கள், யோசனை தெளிவாகட்டும். அதே கணக்கை மறுநாள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இலக்கணம் சரியாக இருக்க வேண்டியதில்லை. இதை ஏன் இப்படிச் செய்கிறேன், வேறு வழியில் செய்தால் எங்கே இடிக்கும் என்று சொல்லப் பத்து இருபது வாக்கியங்கள் போதும். அவை நாக்கில் பழகியிருந்தால், பயம் வரும்போதும் அவை தாமாக வரும்.

நான்காவது, நீங்கள் செய்த ஒரு புராஜெக்டைக் கையில் வைத்திருங்கள். இணையத்தில் இறக்கியது வேண்டாம். சின்னதாக இருந்தாலும் நீங்கள் எழுதியது. அதில் எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், இன்று எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று பேசத் தெரிந்தால், அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது. பேனல் உங்கள் பின்னால் வரும்.

பேனலில் உட்காரப்போகும் நண்பர்களுக்கும் ஒரு சொல். 1998இல் ஃப்ராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் ஆளெடுப்பு பற்றிய 85 வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பீட்டு முறை, உண்மையான வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வது ஆகியவை, மனம்போன போக்கில் கேட்பதைவிட நம்பகமானவை என்று கண்டார்கள். உங்கள் காலத்தில் உங்களை அலைக்கழித்த கேள்வியை அடுத்தவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் 'பிறகு தெரிவிக்கிறோம்' என்ற மின்னஞ்சல் வரலாம். வரும். அன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். கேட்ட கேள்விகளையும், எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 'நான் சுமார்' என்று மட்டும் எழுத வேண்டாம். மறுநாள் அந்தக் கணக்கைத் திறந்து, யாரையாவது எதிரில் உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.